இதமான காட்சி

முதல் நாள் மழை பெய்ததாகத்தான் மேகலாவுக்கு நினைவு. தியேட்டர் வாசலில் குடையை மடக்கியதும், அதன் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீரைச் சிபி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றதும் கண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் மேனேஜர் லோகநாதன் அது நல்ல வெயில் காலம் என்கிறார். ஏசி ஓடாமல் எல்லோரிடமும் திட்டு வாங்கிய நாளை அவர் எப்படி மறப்பார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அந்தக் குடை வேறொரு நாளிலிருந்து வந்து இதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இப்படி இன்னும் எத்தனை விஷயங்கள் தன் நினைவில் இடம் மாறிக் கிடக்கின்றன என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை. அந்தத் தியேட்டருக்குப் போவதற்கு முன்பெல்லாம் தன் நினைவை அவள் சந்தேகப்பட்டதில்லை.

மேகலாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தம்பி சிபி அவளுக்கு எட்டு வயது இளையவன். அவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று, அப்பா அந்தச் சொல்லை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு, சிங்காநல்லூரில் அந்தச் சின்ன வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும். ஒரு நூல் மில்லின் கணக்குகளை அவள் வீட்டிலிருந்தே பார்த்தாள். கல்யாணங்களுக்குப் போவதில்லை. "தம்பிய விட்டுட்டு எப்படிங்க வர்றது" என்று சொன்னால் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. அவர்கள் கேட்காமல் விட்டது அவளுக்கும் வசதியாகவே இருந்தது.

வீட்டில் மிக்சி போடுவது சிபியின் வேலை. ஜாரின் மூடியில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, அந்த இரைச்சலோடு சேர்ந்து அவனும் ஒரே சுருதியில் முனகுவான். சட்னி கூழாகிப் போனாலும் நிறுத்தமாட்டான். அந்த நேரத்தில் மேகலா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். ஈரத்துணி இல்லாத நாட்களில், காய்ந்த துணியையே இன்னொரு தடவை உதறிப் போட எடுத்துக்கொண்டு போவாள்.

அப்பா இருந்தவரை மாதத்துக்கு ஒரு படம் உண்டு. சிபி எழுந்து நின்று கைகளை உதறுவான், திரையோடு சேர்ந்து கத்துவான். பின்வரிசையிலிருந்து "உக்காருய்யா" என்று குரல் வரும். அப்பா எழுந்து திரும்பி எல்லோரையும் பார்த்துக் கும்பிடுவார். அந்தக் கும்பிடு மேகலாவுக்கு வரவில்லை. அப்பாவுக்குப் பிறகு அவர்கள் சினிமாவுக்குப் போவதை விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிபி மட்டும் குளித்து, முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பான்.

அதனால்தான், ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று நொய்யல் தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சி தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் முதல் ஆளாகப் போய் நின்றாள். தொடக்கத்தில் அது எளிமையான ஏற்பாடு. விளக்குகளை முழுக்க அணைக்கமாட்டார்கள். சத்தத்தைப் பாதியாக்கி வைப்பார்கள். விளம்பரங்கள் கிடையாது. எழுந்து நடக்கலாம், பேசலாம், தரையில் படுத்துக்கொள்ளலாம், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மேகலாவுக்கு அந்தத் திரும்பிப் பார்க்காமை ஒன்றே போதுமாக இருந்தது.

பிறகு 'இதம்' என்ற இயந்திரம் ஒரு கம்பெனியிலிருந்து வந்தது.

"இனிமே சத்தத்தக் கொறைக்கறது, லைட்டப் போடறதெல்லாம் நம்ம வேலை இல்லீங் அம்மிணி" என்றார் லோகநாதன். புதிதாகப் போட்ட நாற்காலியின் மெத்தையைத் தட்டிக் காட்டினார். "சீட்டே பாத்துக்கும்."

"சீட்டு எப்படிங்க பாத்துக்கும்?"

"மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, ஒடம்பு இறுகுறது எல்லாம் மெத்தைக்கு அடியில தெரியுமாமுங். கையில கழுத்துல ஒண்ணும் மாட்ட வேண்டாம். மாட்டுனா நம்ம புள்ளைங்க பிச்சு எறிஞ்சுருவாங்களே. யாருக்காவது ஒத்துக்கலைன்னா படம் தானா எளகிக்கும்."

"எளகிக்கும்னா?"

"சத்தம் கொறையும். வெளிச்சம் கொறையும். அப்பவும் அடங்கலைன்னா சண்டை சுருங்கிக்கும், அழுகுற முகம் தூரமாப் போயிரும். படத்தையே அந்த நிமிஷத்துல மாத்தி வரையுமாமுங். எனக்கும் முழுசா வெளங்கல. கம்பெனிக்காரப் புள்ள சொல்லுச்சு, நான் தலைய ஆட்டிக்கிட்டேன்."

"ஹாலுக்கே ஒரு படந்தானே ஓடுது. யாருக்கு ஏத்த மாதிரி எளகும்?"

"யாரு ரொம்பத் தவிக்கறாங்களோ அவங்களுக்கு. அதுதான் நாயமுங்." அவர் கொஞ்சம் யோசித்து, விட்டுப்போனதைச் சொல்பவர்போலச் சொன்னார். "ஒரு குடும்பத்துக்கு ரெண்டு சீட்டு. ஒண்ணு புள்ளைக்கு. அதுதான் பாக்கற சீட்டு. இன்னொண்ணு கூட வர்றவங்களுக்கு. அது சும்மா சீட்டு."

"நமக்கு எப்பவுமே சும்மா சீட்டுத்தானுங்களே" என்று மேகலா சிரித்தாள்.

காட்சி தொடங்கும் நேரம். சிபி வழக்கம்போல் வரிசையின் முனையில் ஒதுங்கி நின்று, "உள்ள, உள்ள" என்று அவளை முதலில் போகவிட்டான். பாப்கார்ன் அவன் மடியில், தண்ணீர் பாட்டில் அவள் மடியில். அன்றுதான் மேகலா வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைவலி இல்லாமல் ஒரு படத்தை முழுதாகப் பார்த்தாள். தம்பிக்கு இதமாக இருக்கிறது, அதனால் தனக்கும் நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் கண்ணை மூடிச் சாய்ந்தபோது, இப்படிச் சாய்ந்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

சில மாதங்கள் அப்படியே நல்லபடியாகப் போயின. இதம் அந்த ஹாலைக் கற்றுக்கொண்டது. யாராவது தவித்தபிறகு இளகுவதை விட்டு, தவிப்பு எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. படங்கள் மெலிந்தன. முதலில் வெடிச் சத்தம் போயிற்று. அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். பிறகு குக்கர் விசில் போயிற்று. போன் மணி அடிப்பதற்குப் பதிலாக யாரோ ஒருவர் வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாக்கள் வந்ததும் திரை வெளிறிப்போனது. கல்யாண மேளம் வந்தால் மேளக்காரர்கள் வெறுமனே கையை ஆட்டினார்கள். ஒரு படத்தில் கதாநாயகியின் அண்ணன் சாக வேண்டும். அவன் சாகவில்லை. பஸ் ஏறி எங்கோ போனான். அதற்குப் பிறகு படத்தில் யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை.

படம் இப்படி அடங்கும்போதெல்லாம் சிபி எழுந்துகொண்டான். பக்கச் சுவரில் இருந்த ஸ்பீக்கருக்குப் போய், அதன் துணிமேல் காதை வைத்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, நீளமாக ஒரு குரல் கொடுப்பான். ஹாலில் இருந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்காத இடம் என்பது மெல்ல மாறிக்கொண்டிருந்தது. மேகலா அதைக் கவனித்தாள். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஓர் இடைவேளையில் கல்பனா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கல்பனாவின் மகள் நவீனாவுக்குப் பதினாலு வயது. வீட்டில் பேசாதவள், திரையில் பாட்டு வந்தால் மட்டும் கூடச் சேர்ந்து வரிகளைச் சொல்வாள். கல்பனா கையில் முட்டை பஃப்ஸை வைத்துக்கொண்டு கடிக்காமல் நின்றாள்.

"மேகலாக்கா, ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்க மாட்டீங்களே."

"வெச்சுக்கற மாதிரி இருந்தா வெச்சுக்குவேன். சொல்லு."

"நவீனா பாட்டுக்குத்தான் வர்றா. வாரம் பூரா காலண்டர்ல ஞாயித்துக்கெழமையத் தடவிக்கிட்டே இருப்பா. இப்பப் பாட்டு வந்தா வாய் மட்டும் அசையுது. போன வாரம் படத்து ஹீரோ கொளத்துத் தண்ணிக்கு அடியில நின்னு ஆடற மாதிரி இருந்துச்சு."

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. கல்பனா சிரிக்கவில்லை.

"சிபி எந்திரிக்கறப்பத்தான் படம் படுத்துக்குது. எல்லாரும் பாக்கறமே. நான் மட்டும் சொல்லலைங்க்கா. குரூப்புல பேசிக்கறாங்க."

"எந்தக் குரூப்புல? நானுந்தான இருக்கேன்."

கல்பனா பஃப்ஸின் ஓரத்தைப் பிய்த்தாள். "நீங்க இல்லாத குரூப்பு."

உள்ளே யாரோ ஒரு பையன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சிபிக்குன்னு தனியா ஒரு படம் கம்பெனியில இருந்து வீட்டுக்கே அனுப்பிருவாங்களாம்" என்றாள் கல்பனா. "அவர் அளவுக்கு எளகுன படம். வீட்டுல நிம்மதியாப் பாக்கலாம். நம்மளே நம்மாளுங்களப் போகச் சொல்ற மாதிரி ஆயிருச்சேன்னு எனக்கும் தூக்கம் வரலைங்க்கா. ஆனா நவீனாவுக்கு இது ஒண்ணுதான் இருக்குது."

"சிபிக்கு மட்டும் வேற என்ன இருக்குது?" என்றாள் மேகலா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பு இல்லை. "அவனுக்குப் படம் வேண்டாம் கல்பனா. தியேட்டருதான் வேணும்."

அடுத்த வாரம் லோகநாதனே சொல்லிவிட்டார். கம்பெனியிலிருந்து ஆள் வரும். ஒரு காட்சி முழுக்கப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். சிபியின் தவிப்புக் கணக்கு இறங்கவில்லை என்றால் அவனை வீட்டுப் படத்துக்கு மாற்றிவிடுவார்கள். "எனக்கு இஷ்டமில்லீங் அம்மிணி. ஆனா ஒருத்தருக்காக ஹாலே ஊமையாக் கெடக்குதுன்னு எல்லாரும் எம்மேல ஏறுறாங்க."

சிபிக்குப் பல் பிடுங்கும்போதும் முடி வெட்டும்போதும் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதித் தந்த மாத்திரை ஒன்று வீட்டில் இருந்தது. ஆளைச் சாந்தப்படுத்தும் மாத்திரை. மேகலா அதை அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தயிர்சாதத்தில் கரைத்தாள். பாதிதான் கொடுக்க வேண்டும் என்று நினைத்து, உடைத்து, பாதியை எடுத்து வைத்துவிட்டு, பிறகு அந்தப் பாதியையும் போட்டுக் கரைத்தாள். சிபி எதுவும் கேட்காமல் சாப்பிட்டான். முழுக்கைச் சட்டையின் பொத்தான்களை அவனே போட்டுக்கொண்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் செருப்பை எடுத்து வைத்தாள். இந்த ஒரு வாரம் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்தாள். வாழ்க்கையில் அவள் அதிகம் நினைத்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

பெயர்கள் ஓடும்போதே சிபி தூங்கிவிட்டான். தலை நடைபாதைப் பக்கம் சரிந்து தொங்கியது, வாய் திறந்திருந்தது, மடியிலிருந்து பாப்கார்ன் சிந்தியது. மேகலா திரையைப் பார்க்கவில்லை. அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு ஒழுங்காக வருகிறதா, மாத்திரை அதிகமாகிவிட்டதா, இவனை இப்படிச் செய்யலாமா என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. உடம்பு மட்டும் அசையவில்லை. கை இரண்டும் மடியில் மடித்தபடியே இருந்தன.

ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தபோதுதான் அவள் நிமிர்ந்தாள். திரையில் படமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வானம். அதில் ஒரு பறவை, சிறகை அசைக்காமல், மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. சத்தம் என்று எதுவும் இல்லை. படம் முடியும்வரை அப்படித்தான் இருந்தது. நவீனா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திப் பொத்தித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போனபிறகு கம்பெனியிலிருந்து வந்த பெண் இறங்கி வந்தாள். அஃப்ரின் என்று பெயர், சென்னைப் பேச்சு, களைத்த கண்கள். அவள் பின்னால் லோகநாதன் வந்து நின்றார்.

"மேடம், உங்க தம்பிக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லையா?"

"கொஞ்சம் அசதி."

"எப்ப தூங்கினாரு?"

"பேரு போடறப்பவே."

அஃப்ரின் கையில் இருந்த டேப்லெட்டின் திரையைப் பார்த்தாள். மறுபடி சிபியைப் பார்த்தாள். "தூங்குற உடம்புல இப்படி வராதே" என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். திரையை மேகலாவின் பக்கம் திருப்பினாள். கோடுகள் நெருக்கமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. "நான் இதுவரைக்கும் பார்த்ததிலேயே மோசமானது இதுதான். மூச்சைப் பாருங்க, நின்னு நின்னு வருது. எழுந்து ஓடிடணும்னு உடம்பு கேக்குது. ஆனா கொஞ்சங்கூட அசையலை. இப்படி அடக்குறதுக்கு ரொம்ப வருஷம் பழகியிருக்கணும்."

"மிஷினு கெட்டுருச்சோ என்னமோ" என்றார் லோகநாதன்.

அஃப்ரின் இரண்டு நாற்காலிகளையும் பார்த்தாள். நடைபாதை ஓரத்து நாற்காலியில் சிபி தூங்கிக்கொண்டிருந்தான். சுவரோரத்து நாற்காலியில் மேகலா.

"இவரு எப்பவும் அதுலதான் உட்காருவாரா?"

"ஆமா. அதுதான அவன் சீட்டு. மொத நாளு லோகநாதண்ணன்தான் காட்டுனாரு. நல்லா ஞாபகம் இருக்குது."

"நான் உள்பக்கத்தத்தான் காட்டுனனுங் அம்மிணி" என்றார் லோகநாதன் மெதுவாக. "நடந்து போறவங்க இடிக்கக் கூடாதுன்னு, புள்ளைங்க எல்லாருக்கும் உள்பக்கந்தான். ஓரத்துல இருக்கறது சும்மா சீட்டு."

அப்போது சிபி பாதி விழித்தான். அக்கா இன்னும் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு அந்நியர்கள் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தான். காலை நீட்டி வழியை மறித்துக்கொண்டான். மாத்திரையின் மயக்கத்தில் நாக்கு குழற, அப்பாவின் குரலிலேயே சொன்னான்.

"பொம்பளைங்க உள்ள. ஆம்பளை ஓரம்."

மேகலா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஒரு தியேட்டரில், இருட்டில், பக்கத்து நாற்காலிக்காரனின் கை அவள்மேல் வந்தது. அவள் கத்தவில்லை. இடைவேளையில் அப்பா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு இடம் மாற்றி உட்காரவைத்தார். அன்றிலிருந்து சினிமா என்றால் அவளும் அம்மாவும் உள்பக்கம், அப்பாவும் சிபியும் ஓரம். ஊரில் எல்லாக் குடும்பமும் அப்படித்தான் உட்காரும். பிறகு அப்பாவே அதை மறந்திருக்கலாம். சிபி மறக்கவில்லை. யாரும் அவளைத் தாண்டிப் போகாதபடி, யாரும் அவள் பக்கத்தில் வந்து உட்காராதபடி, ஒவ்வொரு ஞாயிறும் அவளை உள்ளே அனுப்பிவிட்டு அவன் காவலுக்கு ஓரத்தில் உட்கார்ந்தான்.

வெளியே கூட்டிப் பெருக்கும் சத்தம் கேட்டது.

குக்கர் விசில் யாருக்கு ஆகாது என்று மேகலா யோசித்தாள். ராத்திரியில் போன் மணி அடித்தால் விடியும்வரை தூங்காதது யார். அம்மாவுக்கு ஒருமுறை, அப்பாவுக்கு ஒருமுறை, ஆஸ்பத்திரி வராந்தாவின் அந்தக் குழல்விளக்கின் கீழே நாள்கணக்காக உட்கார்ந்திருந்தது யார். மேளச் சத்தத்துக்குப் பயந்து கல்யாணங்களுக்குப் போகாமல், தம்பியைக் காரணம் சொன்னது யார். இதம் அதையெல்லாம் சரியாகத்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருந்தது. சிபி கத்தியது சத்தம் தாங்காமல் அல்ல. போன சத்தத்தைத் தேடித்தான் அவன் ஸ்பீக்கரில் காதை வைத்தான்.

"நீங்க எப்பவாவது டாக்டர்கிட்டப் போயிருக்கீங்களா?" என்றாள் அஃப்ரின். "உங்களுக்காக?"

"எனக்கு என்ன? நான் நல்லாத்தான பேசறேன். வேலை பாக்கறேன். ஒரு வீட்ட நடத்தறேன்."

"சரிங்க."

"எனக்கு மிக்சி சத்தம் ஆகாது. அவ்வளவுதான்."

"சரிங்க அக்கா" என்றாள் அஃப்ரின். முதல்முறையாக அக்கா என்றாள்.

மேகலா சிபியின் சட்டையில் ஒட்டியிருந்த பாப்கார்னை எடுத்தாள். "இன்னைக்கு இவனுக்கு மாத்திரை குடுத்தேன்" என்றாள். "அமைதியா இருக்கட்டும்னு." அஃப்ரின் குனிந்து தரையில் சிந்தியிருந்ததைப் பொறுக்கினாள்.

லோகநாதன்தான் கடைசியில் தொண்டையைச் செருமினார். "மிஷினு கோளாறுன்னு சொல்லிரலாமுங். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம். அந்தப் பாக்கற வேலைய ஓரத்துச் சீட்டுக்கு மாத்திவிட்டா முடிஞ்சுது."

"மாத்துங்க. ஆனா நானே சொல்லிக்கறேன்" என்றாள் மேகலா. "இல்லைன்னா அவன்தான்னு பேசிக்கிட்டே இருப்பாங்க."

அடுத்த ஞாயிறு டீ குடிக்கும் இடத்தில், கல்பனாவும் இன்னும் சில அம்மாக்களும் நின்றிருக்கையில் சொன்னாள். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"அது சிபி இல்ல. நான்."

"நீங்க என்னக்கா?"

"படத்தப் படுக்க வெச்சது. அவன் சீட்டுல நான் உக்காந்துட்டு இருந்திருக்கேன். இத்தனை நாளா."

ஒருத்தி சிரித்துவிட்டு, பிறகு டீயைக் குடிக்க ஆரம்பித்தாள். கல்பனா சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக நவீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள். "நமக்குக் குடுத்திருக்கற சும்மா சீட்டும் பேசுச்சுன்னா என்னங்க்கா சொல்லும்?"

அதற்கான பதில் சில வாரங்கள் கழித்து வந்தது. அஃப்ரின் யாரிடமும் கேட்காமல், ஒரே ஒரு காட்சிக்கு, கூட வந்தவர்களின் நாற்காலிகளையும் பார்க்க வைத்திருந்தாள். அந்தக் கணக்கைப் படத்தோடு இணைக்கவில்லை, தனியாக வைத்துப் பார்த்தாள். மேகலாவிடம் மட்டும்தான் சொன்னாள்.

"பிள்ளைங்கல்லாம் பரவாயில்லைங்க்கா. இங்க ஆரம்பத்துல செஞ்ச மாதிரி கொஞ்சம் சத்தம், கொஞ்சம் வெளிச்சம் குறைச்சாலே போதும். கூட வந்தவங்கதான் தவிக்கிறாங்க. ஒருத்தர் விடாம. படத்துல என்ன ஓடுதுங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"கம்பெனியில சொன்னியா?"

"சொன்னேன். அவங்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தா படமே ஓட்ட முடியாது, அந்த சீட்டையெல்லாம் உடனே அணைச்சு வைன்னுட்டாங்க."

மேகலா தலையாட்டினாள். அவளுக்கு ஆச்சரியமாக இல்லை.

அதற்குள் அவர்கள் வேறொரு வழக்கத்துக்கு வந்திருந்தார்கள். முழுச் சத்தம் இல்லாவிட்டாலும், திரும்பி வந்த அந்தச் சத்தத்தை மேகலாவால் தாங்க முடியவில்லை. முதல் ஞாயிறே பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டாள். அடுத்த வாரம் வாசலிலேயே நின்று, "நீ மட்டும் போயிட்டு வர்றியா?" என்று கேட்டாள். சிபி வெகுநேரம் யோசித்தான். அவளுடைய கைப்பையை வாங்கிக்கொண்டான். வரிசையின் முனையில் ஒதுங்கி நின்று, "உள்ள, உள்ள" என்று சொல்லி, பையைச் சுவரோரத்து நாற்காலியில் வைத்தான். பிறகு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மேகலா வராந்தாவில் சோபாவில் உட்கார்ந்தாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டு அதிர்ந்தது. அதற்கு நடுவே, மிக்சி ஓடும்போது கேட்கும் அதே ஒற்றைச் சுருதியில் தம்பியின் குரல் கேட்டது. முப்பது வருடங்களாக அந்தக் குரலை அவள் வலி என்றே நினைத்திருந்தாள். கண் மூடிக்கொண்டபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். தூக்கம் வந்தது.

அந்தக் காட்சி இன்னும் நடக்கிறது. இதம் என்ற பெயர்ப்பலகை இருக்கிறது. மெத்தைக்கு அடியில் இருந்தவற்றைக் கம்பெனிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அஃப்ரின் அந்த வேலையை விட்டுவிட்டு ஊரில் அவளுடைய அத்தா நடத்தும் மருந்துக்கடையில் உட்காருகிறாள். லோகநாதன் ஓய்வு பெற்றுவிட்டார், ஞாயிறு காலையில் மட்டும் வந்து கதவைத் திறந்துவிடுகிறார். நவீனாவுக்குக் குரல் கனத்துவிட்டது, பாட்டு வந்தால் இப்போதும் பாடுகிறாள். கல்பனா வராந்தாவில் சோபாவின் இன்னொரு முனையில் உட்காருகிறாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மேகலா தனக்காக ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசை எண் அழைக்கும் மணிச் சத்தம் பொறுக்காமல் தன் முறை வருமுன்பே திரும்பிவிட்டாள். இரண்டாம் முறை கல்பனாவும் கூட வந்தாள். டாக்டர் சொன்ன சொல் அவளுக்குத் தெரிந்த சொல்தான், அப்பா அன்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்த அதே சொல். சிபி ஞாயிறுதோறும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, அக்காவின் பையோடு உள்ளே போகிறான். அந்த மாத்திரைப் பட்டையை மேகலா எறிந்துவிட்டாள். அவன் மிக்சி போடும்போது அவள் மாடிக்குப் போகிறாள். துணி எடுத்துக்கொண்டு போவதில்லை.